நட்ட இடத்தில் நின்ற பலகை

புல்வெளி ஏரிக்கரையில், "பறவைகள் சரணாலயம். சுடக்கூடாது" என்று எழுதிய பலகை ஒன்று நின்றது. அந்தக் கோடையில் ஏரி வற்றிப்போய், பலகைக்கு அப்பால் இருந்த பள்ளத்தில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது.

குஞ்சுகளோடு வந்த நாமக்கோழி என்னும் நீர்ப்பறவை பலகையிடம் கெஞ்சியது: "அண்ணே, அந்தப் புதருக்குள் துப்பாக்கி தெரிகிறது. கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன், பள்ளமும் சரணாலயத்துக்குள் வந்துவிடும்."

"நட்ட இடத்தில்தான் நிற்பேன். எனக்கு உத்தரவு அப்படி."

"பிள்ளைகளுக்கு நாக்கு வறண்டுவிட்டதே!"

"தண்ணீரை இந்தப் பக்கம் வரச் சொல்."

தாகம் தாங்காத ஒரு குஞ்சு பள்ளத்துக்கு ஓடியது. அதைத் தடுக்கத் தாயும் பின்னாலேயே பறந்தது. துப்பாக்கி வெடித்தது.

குஞ்சு மட்டும் திரும்பி வந்தது.

"அழாதே," என்றது பலகை. "என் எல்லைக்குள் இன்றுவரை ஒரு பறவைகூடச் செத்ததில்லை."