இக்னேஷியஸின் ஒரே கத்தி

“ஜெயிச்சா கத்தி பூடும், தோத்தா மானம் பூடும். நல்லா ரோசன பண்ணிக்கோ மாமு” என்றார் தவ்ஃபீக்.

“பதினோரு வருசமா ரோசன பண்ணியாச்சு. நீ கயித்தக் கட்டு” என்றார் இக்னேஷியஸ்.

காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து படகுக்காரி செங்கொடியின் புது விசைப்படகு அன்று முதன்முதலாகக் கடலுக்குப் போகிறது. செங்கொடி குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகைக் கரையோடு கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்க மாட்டார்கள். நம்பகமான ஒரு கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்து விடுவார்கள். அறுத்த கத்தி அதன் பிறகு சொந்தக்காரரிடம் திரும்பாது. அவருடைய பெயரை எழுதி, படகோட்டும் அறையில் மாட்டிவிடுவார்கள். படகு உள்ளவரை அதுவும் அங்கேயே இருக்கும்.

அந்த மரியாதை யாருக்கு என்பதில்தான் போட்டி. தவ்ஃபீக்கும் இக்னேஷியஸும் ஒரே கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வலை செப்பனிடுகிறவர்கள். கத்தி விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனதே இல்லை.

தவ்ஃபீக்கிடம் ஏழு மடக்குக் கத்திகள் இருந்தன, நாளுக்கு ஒன்று. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி வைத்துவிட்டால் அதற்கு அடுத்த வாரம்தான் முறை. “உப்புத் தண்ணில ஊறுற இரும்பு. அதுக்கும் லீவு வோணும்ல?” என்பார்.

இக்னேஷியஸுக்கு ஒன்றே ஒன்று. கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி. பிடியில் ‘இ’ என்று கீறியிருக்கும். ஒருமுறை படகுத் தளத்தில் விழுந்து, பிடியின் ஓரத்தில் ஒரு வெடிப்பும் விட்டிருந்தது.

“ஏழு கத்தி வெச்சினுகீறவன் ஒண்ணையும் நம்பலன்னு அர்த்தம்” என்று இக்னேஷியஸ் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். “என் கத்தி சாணைக்கே போனதில்ல, தெரியுமா? ஒரு பொட்டுத் துரு பாத்ததில்ல. டெய்லி ராத்திரி என் பொண்டாட்டி பிலோமி அத மாதா படத்துக்குக் கீழ வெச்சுடுவா. காலைல எடுத்துக் குடுப்பா. மாதாவே பாத்துக்கினு கீறாங்க. சாணை எதுக்கு?”

அதைக் கேட்கும்போதெல்லாம் தவ்ஃபீக் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

இன்றைக்கும் அதே சிரிப்போடு, மீன் கூடையுடன் நின்றிருந்த பிலோமியின் பக்கம் திரும்பினார். “நீயாச்சும் சொல்லு தங்கச்சி. கீறது ஒத்தக் கத்தி. அதுவும் பூட்டா நாளைக்கு இவன் நூல பல்லாலயா அறுப்பான்?”

“அத அவராண்டயே கேளு பாய். எனக்கு இன்னா தெரியும்?” என்றாள் பிலோமி.

அவள் முகத்தில் துளிக் கவலை இல்லை. பதினோரு வருடக் கத்தி போகப்போகிறதே என்று பெண்டாட்டிக்குக்கூட உறைக்கவில்லையே என இக்னேஷியஸுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

கட்டைவிரல் பருமனில் இரண்டு கயிறுகளைக் கடல்நீரில் நனைத்து விறைப்பாகக் கட்டினார்கள். முதலில் தவ்ஃபீக். சிவப்புப் பிடி, ஞாயிற்றுக்கிழமைக் கத்தி. ஒரே இழுப்பு. முறுக்கியிருந்த மூன்று புரியில் இரண்டு அறுந்தன. மூன்றாவது புரி நாலு நூலில் தொங்கிக்கொண்டு நின்றது.

“அய்யய்யோ பாய்!” என்று கூட்டம் கத்தியது.

இக்னேஷியஸ் சிலுவை போட்டுக்கொண்டார். கத்தியை விரித்தார். இழுத்தார். கயிறு இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது.

விசில் பறந்தது. தவ்ஃபீக்தான் முதலில் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். “யாரு ஜெயிச்சா இன்னா தோஸ்து? ஜெயிச்சது நம்ம கட்சிதான்!”

“தோத்துட்டு பேச்சப் பாரு!” என்று இக்னேஷியஸ் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார்.

படகின் கயிற்றையும் அவரே அறுத்தார். செங்கொடி இரண்டு கைகளையும் நீட்டிக் கத்தியை வாங்கிக்கொண்டாள். “உன் பேர பெரிசா எழுதி மாட்றேண்ணா. கடலெல்லாம் சுத்தி வரும்.” படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்வரை இக்னேஷியஸ் நெஞ்சை நிமிர்த்தியபடி நின்றார். பிறகு பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.

மறுநாள் காலை, காபி ஆறிப்போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

“இன்னாய்யா, வேலைக்குப் போவல?”

“எத்த எடுத்துக்கினு போவ? தவ்ஃபீக் ஒண்ணு தர்றேன்னான். அடுத்தவன் கத்தி என் கையில நிக்காது பிலோமி. அந்த மாதிரி இன்னொண்ணு ஒலகத்துலயே கெடையாது.”

பிலோமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். அவர் எதிரில் வைத்துத் திறந்தாள்.

எண்ணெய்த் துணியின் மேல் இரண்டு மடக்குக் கத்திகள். கொம்புப் பிடி, ‘இ’ என்ற கீறல், அதே ஓரத்தில் அதே வெடிப்பு.

“பதினோரு வருசமா மூணு கத்தி மாத்தி மாத்தித்தான்யா உன் பையில வந்துகினு இருந்துச்சு” என்றாள் பிலோமி, தலையை நன்றாக நிமிர்த்தி. “ஒண்ணுல வெடிப்பு வுட்டப்போ மத்த ரெண்டுலயும் அதே மாதிரி வெடிப்ப அரத்தால போட்டுத் தந்ததும், முந்தாநாளு உன் கத்திய அவரு கத்திய வுட நல்லா சாணை புடிச்சுத் தந்ததும் தவ்ஃபீக் பாய்தான். இந்தா, இன்னிக்கு இதோட மொற.”