ஏ.ஐ. எழுதிய மொட்டைக் கடுதாசி

அச்சிட்ட கடிதத்தை மூன்றாம் முறையாகப் படித்தாள் டீச்சரக்கா. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, நடைகூடத் தன்னுடையது இல்லை. அசல் ஏ.ஐ. எழுதிய மொட்டைக் கடுதாசி. எந்தக் கொம்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

லிஃப்ட் கம்பெனியின் பயிற்சிப் பிரிவில், மெக்கானிக்குகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் மொத்தம் நாலு பேர். இனி ஏ.ஐ.யை வைத்துத்தான் பாடம் தயாரிக்க வேண்டுமாம். பழகிக்கொள்ள மேலிடம் தாராள மனதோடு ஒரே ஒரு கணக்கு வாங்கிக் கொடுத்து, பாஸ்வேர்டை வெள்ளைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தது. நால்வரில் ஒருவர், எல்லாக் கிளைப் பயிற்சியாளர்களையும் ஏ.ஐ.க்குத் தயார் செய்யும் தலைவராகப் போகிறார்.

அந்த நாற்காலி பத்தொன்பது வருஷம் தொண்டை வறளக் கத்தியவளுக்கா, நாலு மாதம் முன்பு வந்த சின்னவளுக்கா? சின்னவள் நாலு வரி தட்டினால் முழுப் பாடமும் வந்து விழுகிறது. மேனேஜர் "பிரமாதம்மா!" என்கிறார். டீச்சரக்காவுக்கு வயிறு பற்றி எரிகிறது. நேற்று முளைத்த காளானுக்கு இத்தனை பிரமாதமா! செவ்வாய்க்கிழமை நாள் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் அன்று மட்டும் அது காதில் விழவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். செவ்வாய்க்கிழமை வகுப்பில், ஏ.ஐ. சொன்ன தப்பைச் சரிபார்க்காமலே சின்னவள் பாடம் நடத்திவிட்டாள், மெக்கானிக்குகளின் உயிருக்கே ஆபத்து என்று சுத்தப் பொய். இன்று காலை ஏழரை மணிக்கே வந்து, யாரும் இல்லாதபோது எழுத வைத்தது. சாப்பாட்டு நேரத்தில் புகார்ப் பெட்டியில் போட வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் மேனேஜர் நால்வரையும் கூப்பிட்டார்.

"தலைமைப் பொறுப்பு டீச்சரக்காவுக்கு."

"எனக்கா சார்? இவதானே வேகமா செய்றா?"

"நானும் இவளைத்தான் நெனச்சேன். நேத்து சாயங்காலம் இவளே வந்து ஒரே சண்டை. ஏ.ஐ. நிமிஷத்துல பத்துப் பாடம் எழுதிடுது, அதுல எது பொய்னு அக்காவுக்குத்தான் பார்த்ததும் தெரியுதுங்கறா. யோசிச்சா நியாயமாத்தான் பட்டுது."

டீச்சரக்கா கூனிக் குறுகிப் போனாள். சீ, என்ன காரியம் செய்யப் பார்த்தோம்! நல்லவேளை, கடிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

மற்றவர்கள் கலைந்த பிறகும் சின்னவள் நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும்க்கா. காலைல அந்தக் கணக்கைத் திறந்தேன். நாம நாலு பேரும் கேட்டதெல்லாம் இடது பக்கத்துல வரிசையா நிக்குது, நேரத்தோட. ஏழரை மணிக்குக் கேட்டதை மட்டும் நான் அழிச்சிட்டேன். வேற யாரும் பார்க்கல."

டீச்சரக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் அந்தப் பையையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"செவ்வாய்க்கிழமை நான் லீவுக்கா."