அகெனாத்தன் நட்ட கல்

எகிப்து மன்னன் அகெனாத்தன் புதுத் தலைநகருக்கு இடம் பார்த்து நின்றபோது மைக் கீச்சிட்டது. மன்னர் அதன் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

"நைல் நதி ஓடும் இந்தக் கரைதான் இனி என் தலைநகரம்!"

ஆந்திர எல்லையோர நாகலாபுரத்துப் பள்ளி ஆண்டுவிழாக் கூட்டம் கைதட்டியது. மன்னர், பெற்றோர் கமிட்டி சேர்மன் எத்திராஜ். கூத்தில் ராஜா வேஷம் கட்டிப் பழகியவர், கிரீடத்தை எந்தப் பையனுக்கும் விட்டுத்தரவில்லை.

எல்லைக்கல்லுக்கு தெர்மாகோல் போதும் என்றுதான் சரித்திர டீச்சர் தேவயானி சொன்னார். எத்திராஜ் கேட்கவில்லை. நிஜக் கல்லையே டிராக்டரில் கொண்டுவந்து, அன்று காலையில்தான் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்தார். நாடகம் முடிந்ததும் அதைப் புது வகுப்பறையின் அஸ்திவாரத்துக்கே கொடுத்துவிடுவதாகவும் சொன்னபோது டீச்சருக்குக் கண் கலங்கியது.

முன்வரிசையில் எத்திராஜின் காலமான தம்பியின் மனைவி செல்வி இருந்தாள். காலடியில் ஒரு குடம், இடுப்பில் ஒரு பிடி தேங்காய் நார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்ததுபோல் இருந்தாள்.

பாகம் பிரித்தபோது அவள் கழனியோரம் நட்ட, நம்பர் வெட்டிய சர்வேக் கல் பத்து நாளாகக் காணவில்லை. கல் இல்லாவிட்டால் கிணறு அவள் பக்கம் என்று நிரூபிக்க முடியாது. "மழைல போயிருக்கும்மா" என்று எத்திராஜ்தான் ஆறுதல் சொல்லியிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் சர்வேயர் இஸ்மாயில் கொட்டாவி விட்டார். "அளக்கறது நாளைக்குத்தானே சார், நாடகம் பாத்துட்டுப் போங்க" என்று செல்விதான் அவரை உட்கார வைத்திருந்தாள்.

மேடையில் மன்னர் கல்லின்மீது கை வைத்தார். "இந்தக் கல்லைத் தாண்டி ஓர் அடி வைக்கமாட்டேன்! சூரியன்மேல் சத்தியம்!"

செல்வி குடத்தோடு மேடை ஏறினாள்.

"இன்னா செல்வி இது? நாடகம் நடந்துகினு இருக்குது!"

"தலைநகரத்துக்கு சங்குஸ்தாபன பண்றீங்க மாமா. மஞ்சத்தண்ணி ஊத்தாம கல்லு நட்டா ஊரு வெளங்குமா?"

"எகிப்துல தண்ணியெல்லாம் ஊத்தமாட்டாங்க!"

"ஆறு ஓடுதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. "ஊத்தும்மா!" என்று கூட்டத்திலிருந்து கமலம்மா என்ற கிழவி குரல் கொடுத்தாள். "கொப்பரிகாய கொட்டண்டி!" என்று பின்னாலிருந்து ஒருவர் தெலுங்கில் கத்த, எங்கோ ஒரு தேங்காய் உடைந்தது. யாரோ கற்பூரமும் ஏற்றிவிட்டார்கள்.

மன்னர் பாய்ந்து கல்லைக் கட்டிக்கொண்டார். பக்தி முற்றிவிட்டது என்று ஜனங்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

செல்வி மன்னர், கல் இருவர் தலையிலும் சேர்த்து ஊற்றினாள். கிரீடத்தின் தங்கச் சாயம் மன்னரின் மூக்கில் வழிந்தது. கண்ணைத் துடைக்க அவர் கையை எடுத்தார்.

அந்த நேரத்துக்குள் செல்வி நாரை உருவி, கல்லின் பக்கவாட்டில் நான்கு தேய்ப்புத் தேய்த்தாள். சுண்ணாம்பு பாலாக இறங்கியது. பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள்.

"சர்வேயர் சார், நம்பரைக் கொஞ்சம் படிங்க."