மான்செஸ்டர் முதலாளி

“கடைசியில முதலாளி திருந்தணும் டீச்சர். இல்லேன்னா நான் நடிக்கல.”

தாளாளர் சேனாதிபதி இப்படிச் சொன்னதும் சரித்திர ஆசிரியை ஜெயப்பிரியா தயங்கினாள். கொடைக்கானலில் அவர் நடத்தும் உறைவிடப் பள்ளியின் ஆண்டு விழாவுக்காக அவள் எழுதிய நாடகம் அது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய மான்செஸ்டர். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர் முடிந்து ஊரே பசியில் கிடக்கிறது. பஞ்சாலைத் தொழிலாளர்கள் திரண்டு வந்து முதலாளியிடம் நியாயம் கேட்கிறார்கள்.

“நிஜத்துல குதிரைப்படையை ஏவிவிட்டு வெட்டினாங்க சார்.”

“அது அவங்க ஊர்ல. நம்ம பேரன்ட்ஸ் முன்னாடி வேண்டாம். நான் மனசு இளகிக் கையெழுத்துப் போடுறேன், திரையைப் போட்டுருங்க.”

முதலாளி வேடத்தை அவரே கேட்டு வாங்கியிருந்தார். கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் மதுரையில் தைத்து வந்தன. தொழிலாளி வேடத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. தங்கள் பிள்ளைக்குக் கிழிந்த சாக்கை மாட்டிவிட எந்தப் பெற்றோரும் சம்மதிக்கவில்லை. அத்தனை பேருக்கும் பிரபு வேடம்தான் வேண்டியிருந்தது. விடுதிச் சமையற்கட்டில் வேலை செய்யும் நாயுடுபுரத்துப் பெண்கள் ஒன்பது பேரை நிறுத்தலாமா என்று ஜெயப்பிரியா கேட்டாள். சாப்பாட்டு வேலை கெடாமல் ஒத்திகை நடந்தால் சரி என்று அவரும் பெரிய மனது பண்ணினார்.

விழாவன்று பனிமூட்டத்தையும் பொருட்படுத்தாமல் முந்நூறு பெற்றோர் வந்திருந்தார்கள். மேடையில் தலைமைச் சமையல்காரி அன்னக்கொடி சாக்கு உடையோடு முன்னால் வந்தாள்.

“வெள்ளனே நாலு மணிக்கு வாரோம்ங்க. வீடு போய்ச் சேர ராத்திரி பத்தாகுது. எம் மக முழிச்சிருந்து நான் பார்த்து மாசக்கணக்காச்சு. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வேலை போதும்ங்க.”

முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. சேனாதிபதியே தன் கைக்குட்டையைத் தேடினார். நம் அடுப்படியில் இப்படி ஒரு நடிகையா என்று வியந்துபோனார்.

அன்னக்கொடி கோரிக்கைத் தாளை நீட்டினாள். ஒத்திகையில் வெற்றுத் தாள்தான் இருந்தது; இன்று பொடி எழுத்தில் என்னென்னவோ எழுதியிருந்தது. டீச்சரின் சிரத்தையை மனதுக்குள் மெச்சிக்கொண்டார். அதைப் படித்துக்கொண்டிருக்க ஏது நேரம்? முந்நூறு செல்போன்களும் அவரைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தன. கோட்டுப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தார். முழுக் கையெழுத்தையும் நிதானமாகப் போட்டார். பிறகு தாளைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

திரை விழுந்ததும் அன்னக்கொடி அவர் எதிரே வந்து கும்பிட்டாள்.

“அப்ப திங்கக்கிழமையில இருந்து எங்களுக்கு ரெண்டு ஷிப்டுதானங்க ஐயா?”

“எந்த ஷிப்டு? நாடகம்தான் முடிஞ்சுபோச்சேம்மா” என்று தொப்பியைக் கழற்றியபடி சிரித்தார் சேனாதிபதி.

அவள் தாளை விரித்துக் காட்டினாள். மான்செஸ்டர் என்ற சொல்லே அதில் இல்லை. மேலே அவருடைய பள்ளியின் பெயரும், நடுவே பத்து மணி நேர வேலைக் கோரிக்கையோடு சமையற்கட்டுப் பெண்கள் ஒன்பது பேரின் பெயர்களும், கீழே மை காயாத அவருடைய கையெழுத்தும் இருந்தன.