உப்பு: சுவைக்கேற்ப

"டம்ளர்னா டம்ளர்தான் அத்தான்! அதுல என்ன கிராம் கணக்கு?"

ஊரிலிருந்து வந்து இறங்கிய அரை மணி நேரத்திலேயே தங்கைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

பின்னே? அக்கா முப்பது வருஷமாகச் சமைக்கிறவள். பக்கத்து அலுவலகத்தில் நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு இந்த வீட்டிலிருந்துதான் போகிறது. அவளை ஓரமாக நிறுத்திவிட்டு, அத்தான் அடுப்படியில் தராசும் கையுமாக நிற்கிறார். மருந்துக்கடையில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர்.

"இதே டம்ளர்ல தண்ணி இருநூறு கிராம், சர்க்கரை நூத்தியெழுபது, மாவு நூத்திப்பத்து. அழுத்தி அள்ளினா அந்த மாவே நூத்திநாப்பது. எதைம்மா நம்பறது?" என்றார் அவர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா உப்பு ஜாடியைத் தொட்டாள்.

"இரு, இரு. நான் நிறுத்துத் தரேன்." எண்பது கிராம் நிறுத்து, அடுப்பிலிருந்த பருப்பு சூப்பில் அவரே கொட்டினார்.

அக்கா பேசாமல் கையை எடுத்துக்கொண்டாள். ஓயாமல் பேசுகிறவள் இப்படி வாயில்லாப் பூச்சியாகிவிட்டாளே என்று தங்கைக்குப் பொறுக்கவில்லை.

அத்தான் டப்பாக்களை எடுத்துவர மாடிக்குப் போனார். அவ்வளவுதான், தங்கை அக்காவின் பழைய நோட்டைப் பிரித்தாள்.

"இதோ பாரு, உன் கையெழுத்து. பருப்பு ஆறு டம்ளர். உப்பு, சுவைக்கேற்ப. மருந்து கலக்கினவருக்குச் சூப்பைப் பத்தி என்ன தெரியும்? பத்தியம்தான் தெரியும்!"

தராசைத் தூக்கிப் பரணில் வைத்தாள். "ஏய், வேணாம்டி" என்று அக்கா தடுப்பதற்குள் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டாள்.

"இப்ப ருசி பாரு."

அக்கா தயங்கினாள். ஒரு கரண்டி குடித்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"ம்... இப்பதான் சரியா இருக்கு."

"நான் சொல்லல?" தங்கையும் ஒரு கரண்டி குடித்தாள். அடுத்த நொடி ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினாள். வாயெல்லாம் கரித்தது.

திரும்பிப் பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சுடி. நாலு மாசமா நாக்குல உப்பு உறைப்பு தெரியல. வெளியில யார்கிட்டயும் சொல்லல. ருசி தெரியாதவ சமைக்கிறானு தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளைப் பார்த்துக்குவாங்க. இந்தச் சமையலும் இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

தங்கை பரணை அண்ணாந்து பார்த்தாள்.

அத்தான் இறங்கி வந்தார். ஒரு சொட்டு வாயில் விட்டார். இரண்டு முகங்களையும் பார்த்தார். திட்டவில்லை.

"தராசை எடும்மா. எத்தனை கை போட்டியோ, அதே மாதிரி உப்பை அள்ளி அதுல வை."

வைத்தாள்.

"தொண்ணூத்தஞ்சு. சரி, பாதி சூப்பை எடுத்துத் தனியா வைப்போம். அதே அளவுக்குப் பருப்பும் தண்ணியும் உப்பில்லாம வேக வச்சுச் சேர்த்தா ஏறக்குறைய பழைய கணக்கு வந்துடும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"பருப்பு எத்தனை கிராம் அத்தான்?" தங்கையின் குரல் இறங்கியிருந்தது.

அவர் ஒரு புது நோட்டை நீட்டினார். அக்காவின் டம்ளர், கரண்டி, சிட்டிகை எல்லாம் அதில் கிராமாக மாறியிருந்தன. 'சுவைக்கேற்ப' என்ற இடத்தில், 'எண்பது கிராம். பதினோரு தடவை வைத்துப் பார்த்ததில் இதுதான் அவள் ருசி' என்று இருந்தது.

கடைசிப் பக்கத்தில் தினம் ஒரு வரி, அவர் கையெழுத்தில்: 'எலுமிச்சை, ஏழு சொட்டு. தெரியவில்லை.' மேலிருந்து கீழ்வரை அதே வரி.

இன்று காலை எழுதியது மட்டும் அக்காவின் கையெழுத்து:

'எலுமிச்சை, ஏழு சொட்டு. லேசாகப் புளிக்கிறது.'