ஃபேனின் வயிற்றெரிச்சல்

பிலோமினாவின் டைப்பிங் சென்டரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குள் சுற்றும் ஃபேனுக்கு, பக்கத்திலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கண்டாலே வயிறு எரியும்.

“நாள் முழுக்கக் காத்து வீசிச் சாகிறவன் நான். அவளோ, ‘என் பொழைப்பே இந்த டிஸ்க்லதான் இருக்கு’ன்னு உன்னைக் கொஞ்சுறா!”

“திட்டும் எனக்குத்தானே விழுது,” என்றது டிஸ்க்.

உண்மைதான். உள்ளே எது இரைந்தாலும், “இந்த டிஸ்க் தொல்லை தாங்கலை” என்றுதான் பிலோமினா கம்ப்யூட்டரைத் தட்டுவாள்.

ஒருநாள் மெக்கானிக் காஜா வந்தார். சத்தமே போடாத புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றி மாட்டிவிட்டு, பழையதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஃபேனுக்குத் தலைகால் புரியவில்லை. ‘ஒழிஞ்சான்!’ என்று சுற்றோ சுற்றென்று சுற்றியது.

பிலோமினா காதைத் தீட்டிக்கொண்டாள். “தம்பி, இன்னும் இரையுதே?”

காஜா குனிந்து பார்த்தார். “அக்கா, இத்தனை நாளும் கத்தினது இந்த ஃபேன்தான். இதையும் மாத்திடுவோம்.”

குப்பைக்கூடையில் விழுந்த ஃபேன் அண்ணாந்து பார்த்தது. “எதுக்கும் இருக்கட்டும்” என்று பிலோமினா பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அவனுக்கு என்ன குளிரா அடிக்குது, துணி போர்த்துறா!” என்று பொருமியது ஃபேன்.