மணமேடையில் ஒரு மேம்பாலம்

மைக் அவள் கைக்கு வந்தபோது கதகதப்பாக இருந்தது.

அவளுக்கு முன் அதைப் பிடித்திருந்த மூன்று பேரும் மேம்பாலத்தை வாயார வாழ்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூவருக்கும் இந்தத் தெருவில் வீடு கிடையாது. ஒருவர் கவுன்சிலருக்கு மைத்துனர். மற்ற இருவர் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. மண்டபத்தில் டிபன் எந்தப் பக்கம் என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம்.

கல்யாண மண்டபத்தில்.

நேற்றைய கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் வாசலில் தலை தொங்கி நின்றது. மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு சோபா. அதன் ஒரு பக்கம் திட்ட அதிகாரி. மறுபக்கம், பாலத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கியிலிருந்து விமானமேறி வந்த வெளிநாட்டுப் பெண்.

பொருத்தம் ஒன்றும் மோசமில்லை.

தெருக்காரர்களைக் கேட்காமல் கடன் தருவதில்லை என்று அந்த வங்கிக்கு ஒரு விதியாம். அதனால் கேட்கிறார்கள். கேட்டதைக் காட்ட ஒரு வீடியோக்காரரையும் பிடித்து வந்திருந்தார்கள்.

சோபாவுக்குப் பின்னால், மணமக்கள் பெயர் மின்னிய இடத்தில், இப்போது வரைபடம். மேம்பாலத்துக்கு நீல வண்ணம். அழகாகத்தான் இருந்தது. அது வளைந்து இறங்கும் இடத்தில் ஒரு தூண்.

தூண் நிற்கப்போவது அவளுடைய அடுப்படியில்.

அடுப்படி மட்டும்தான் போகும் என்று அதிகாரிகள் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அவள் வீடே அந்த அடுப்படியும் முன்னால் ஓர் அறையும்தான்.

கடைசி வரிசையில் அவள் புருஷன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய இடத்துப் பகை நமக்கு எதற்கு, வாயைத் திறக்காதே என்று வழியெல்லாம் ஓதிக்கொண்டு வந்தவன். அவன் ஓதியதைத் தெருவே கேட்டது.

அவள் வாயைத் திறந்தாள்.

"ஜாதகம் பாத்து, நிச்சயம் பண்ணி, பத்திரிகையும் அடிச்சுட்டு, இப்ப வந்து பொண்ணுக்குச் சம்மதமான்னு கேக்குறீங்களே சார். வேணாம்னு சொன்னா நிறுத்திடுவீங்களா?"

மண்டபம் சிரித்தது.

"அப்படிக் கேளுக்கா!" என்றாள் எதிர்வீட்டு ஜரினா. அவள் ஒன்றைச் சொன்னால் அடுத்த தெருவுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அதிகாரியும் சிரித்தார். இதுபோல எத்தனையோ மண்டபம் பார்த்த சிரிப்பு.

வெளிநாட்டுப் பெண் அவர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டாள். இந்த அம்மா என்ன சொல்கிறார் என்றுதான் இருக்க வேண்டும்.

அவர் பதில் சொன்னார். எதிரே இருந்த மேசை மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் மண்டபம் முழுக்க ஆங்கிலம் கொட்டியது. அவளுக்கு முக்கால்வாசி புரியவில்லை. "மேரேஜ்" புரிந்தது. "வெரி வெரி ஹாப்பி" புரிந்தது.

பிறந்தநாளுக்கு கேக் வெட்டும் ஊரில் அது புரியாத ஆள் ஏது?

வெளிநாட்டுப் பெண் முகம் மலர்ந்து பேனாவை எடுத்தாள்.

"நோ ஹாப்பி" என்றாள் இவள், மைக்கில்.

பேனா நின்றது.

"நோ ஹாப்பி" என்று அவள் மறுபடி சொன்னபோது மைக் செத்திருந்தது. யார் அணைத்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. கவுன்சிலரின் மைத்துனர் ஸ்பீக்கர் பக்கமிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே திரும்பி வந்ததை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

உட்காருங்கள் என்று அதிகாரி கையைக் காட்டினார். அடுத்தவர் மைக்குக்குக் கை நீட்டினார்.

அவள் கொடுத்துவிட்டாள். செத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

மேடையை நோக்கி நடந்தாள்.

படிக்கட்டின் கீழே செருப்பைக் கழற்றினாள். மணமேடையில் செருப்போடு ஏறி அவளுக்குப் பழக்கமில்லை. மேலே இருந்த ஷூக்களுக்கு அந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஏறினாள்.

வரைபடத்தில் அந்தத் தூணின் மேல் விரலை வைத்தாள். அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள்.

வெளிநாட்டுப் பெண் தூணைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒன்லி ஒன் லேடி, மேடம்."

அதுவும் அவளுக்குப் புரிந்தது.

அவள் மண்டபத்தை நோக்கித் திரும்பி நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. யார் முகத்தையும் குறிவைத்துப் பார்க்கவுமில்லை.



எங்கோ ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது.

இன்னொன்று.

மேடைப் படிக்கட்டின் கீழே செருப்புகள் சேரத் தொடங்கின.